ஜன்னல் கம்பியில் கட்டிய கட்டில்

பையை எடுத்துக்கறேன், வாங்கக்கா, உக்காருங்க. இல்ல, ஆளு யாரும் வரல. எனக்கு அது ஒரு பழக்கம். பஸ்ஸுல ஏறுனதும் பக்கத்து எடத்துல பையைப் போட்டுருவேன். கண்டவுக வந்து உக்காந்துறக் கூடாதுல்ல. உங்களைப் பாத்தா உக்கார வைக்கலாம்னு தோணுச்சு. அந்த வாளியைக் காலுக்கடியில தள்ளுங்க. மெத்தையை மேல போட்டாச்சா? தலகாணியை மடியிலயே வச்சுக்கங்க, தூங்குறதுன்னாலும் ஆகும்.

புது வாளி, புது மெத்தை, புதுத் தலகாணி. ஹாஸ்டலுக்குத்தானே? பாத்ததும் நெனச்சேன். முன் சீட்டுல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான் பொண்ணா? நல்லாருக்கு பிள்ளை. மொத வருசமா? சரி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரூமைப் பாத்துட்டீங்களா? இன்னும் பாக்கலையா! ஐயோ அக்கா, என்ன இப்படிச் சாவகாசமா மத்தியானப் பஸ்ஸுல போறீங்க? காலையில மொத பஸ்ஸுக்கே போயி எடம் பிடிச்சிருக்க வேண்டாமா? இந்நேரம் எவளாவது ஜன்னலோரத்துல கட்டிலை இழுத்துப் போட்டு விளக்கேத்தியிருப்பா.

சிரிக்காதீங்க. நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். ஒரு பொம்பள வந்து என்னை இப்படி ஆக்கிட்டா. வனஜா. தேனிக்காரி. அந்தப் பேரைச் சொன்னாலே எனக்கு இந்த எடத்துல, இங்க, நெஞ்சுக்குக் கீழ, திகுதிகுன்னு எரியும். கேட்டுக்கங்க, உங்களுக்கு உதவும்.

என் மக பேரு சுபாஷினி. பிஸிக்ஸ் படிக்கிறா, இப்ப மூணாவது வருசம். திருமங்கலம் தாண்டிப் போனா ரோட்டு மேலயே காலேஜ், அங்கயேதான் ஹாஸ்டல். ஒத்தைப் பிள்ளை. அவ அப்பா போயிச் சேரும்போது அவ ப்ளஸ் ஒன். நான் சத்துணவுல அமைப்பாளரா இருக்கேன், எங்க ஊரு ஸ்கூல்ல. நானும் அவளும்தான் வீட்டுல. அவர் போன நாள்லருந்து என் பக்கத்துலதான் படுப்பா. இந்தா, இந்த வளையல் இருக்கு பாருங்க, இதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கமே வரும் அவளுக்கு. நான் பொரண்டு படுத்தாக்கூட வளையலை விடமாட்டா. தூக்கத்துல சத்தம் போட்டு எந்திரிப்பா, வளையல் கையில பட்டதும் அப்படியே தூங்கிருவா. அப்பேர்ப்பட்ட பிள்ளையை ஹாஸ்டல்ல விடணும்னா நான் எப்படி எடம் பாத்து விடணும்? சொல்லுங்க.

மொத பஸ்ஸுக்கே போயிட்டோம். எங்களுக்கு முன்னால அந்த ரூமுக்கு ஒரு ஈ காக்கா வரல. ரெண்டு பேர் ரூம். ரெண்டு இரும்புக் கட்டில், ரெண்டு மேசை, ரெண்டு நாற்காலி, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு இரும்பு பீரோ. ரூமு நல்ல ஒடுக்கம். தெக்குப் பக்கம் ஜன்னல், வடக்குப் பக்கம் கதவு. நடுவுல ஃபேன். நான் உள்ள கால் வச்சதுமே கணக்குப் போட்டுட்டேன். ஜன்னலடியில ஒரு கட்டிலை நீளவாக்குல போட்டா, கிழக்க தலை வச்சுப் படுக்கலாம். காத்து வரும், வெளிச்சம் வரும், தலையும் நல்ல திசை. இன்னொரு கட்டில் பக்கச் செவுத்தோரமாத்தான் போட்டாகணும், வேற வழியில்ல. அதுல தெக்க தலை வச்சா காலு ரெண்டும் வாசலைப் பாக்கும். காலு வாசலைப் பாக்க யாரைப் படுக்க வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். சரி, திருப்பிப் போட்டு வடக்க தலை வைக்கலாம்னா, அது அதைவிட மோசம். ஆக, ஒரு கட்டில் நல்ல கட்டில், ஒரு கட்டில் கெட்ட கட்டில். அவ்வளவுதான் ரூமு.

நான் நல்ல கட்டிலை ஜன்னலடியில இழுத்துப் போட்டு, மெத்தையை விரிச்சு, மேல ஒரு மஞ்சத் துண்டையும் போட்டுட்டு, பிள்ளையைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். துண்டு போட்டா என்னா அர்த்தம்? பஸ்ஸுல போட்டாலும் சரி, கல்யாண மண்டபத்துல போட்டாலும் சரி, எடம் பிடிச்சாச்சுன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சாப்பிட்டு வந்து பாக்குறேன், என் பிள்ளை மெத்தை கதவோரக் கட்டில்ல கெடக்கு. ஜன்னலடியில வேற மெத்தை, பூப்போட்ட விரிப்பு. அதுமேல ஒரு பொம்பள சம்மணம் போட்டு உக்காந்து எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிக்கிட்டு இருக்கா. நாலு மூலையிலயும் வைக்கிறதுக்காம். பக்கத்துல அவ மக நர்மதா, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா.

"இது எங்க எடம்"னேன்.

"துண்டுதான் கெடந்துச்சு. ஆளு இல்லையே"ன்னா.

என்னா திமிரு பாருங்க! "எம் பொண்ணு ஜாதகத்துக்குக் கிழக்கதான் தலை வைக்கணும்னு ஜோசியர் சொல்லிருக்காரு"ன்னு வேற. ஏன், என் பிள்ளைக்கு என்ன ஜாதகம் இல்லாமலா பெத்துப் போட்டேன்? நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள சுபாஷினி என் கையைப் பிடிச்சு இழுத்து, "அம்மா, எனக்கு இது போதும்மா, விடும்மா"ங்கிறா. வந்த அன்னைக்கே பிள்ளையை மிரட்டி வச்சிருக்காங்க, பாத்துக்கங்க. அன்னைக்குப் பேசாம வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போதே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், வனஜா, உன்னை விடுறதா இல்லைன்னு.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை போனேன். அப்பல்லாம் அம்மாமார் மாடிக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு க்ளாஸு. பக்கத்து ரூம் பிள்ளைகிட்ட சாவியை வாங்கி, கதவைத் தொறந்து, நான் ஒருத்தியா ரெண்டு கட்டிலையும் மாத்திப் போட்டேன். பூப்போட்ட விரிப்பு கதவுக்குப் போச்சு, என் பிள்ளை ஜன்னலுக்கு வந்துச்சு. எலுமிச்சம்பழம் காஞ்சு கெடந்துச்சு, கூட்டி வெளிய தள்ளிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு தின்னேன் பாருங்க, அன்னைக்கு மாதிரி என்னைக்கும் தின்னதில்ல.

அவ சும்மா இருப்பாளா? அடுத்து அவ போயிருக்கா. திருப்பிப் போட்டதோட விடாம, நான் இழுக்க முடியாதபடிக்கு பீரோவைக் கட்டிலோட ஒட்டி முட்டுக் குடுத்து வச்சிருக்கா. நான் விடுவேனா? முதுகு பிடிச்சுக்கிட்டாலும் பரவாயில்லைன்னு பீரோவைத் தள்ளினேன். பிடிச்சுக்கிச்சு. ரெண்டு வாரம் குனிய முடியல, ஸ்கூல்ல ஆயாதான் அரிசி அளந்தா. ஆனா கட்டில் மாறிருச்சு.

அதோட இன்னொரு வேலையும் செஞ்சேன், யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். நர்மதா மேசையில ஒரு காலு குட்டை. அட்டையை மடிச்சு அடியில வச்சிருந்தாங்க. அந்த அட்டையை உருவி என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். எழுதுடி எழுது, ஆடுற மேசையில எழுதுன்னு. அல்பம்தான், ஆனா என்னா குளுச்சிங்கிறீங்க! சுபாஷினி பின்னால ஒரு நாள் போன்ல சொல்றா, "அம்மா, என் மேசை ரொம்ப ஆடுது, ரெக்கார்டுல படமே வரைய முடியல"ன்னு. எப்படின்னு கேட்டா, ரெண்டும் ஏதோ பேசி வச்சு மேசையை மாத்திக்கிட்டுதுகளாம். நர்மதாவுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டமாம், வெளிச்சத்துப் பக்கம் இருந்த மேசை அவளுக்கு வேணுமாம், இவ குடுத்துட்டாளாம். இவளா குடுத்திருப்பா? புடுங்கியிருப்பாங்க. அந்த வனஜா சொல்லிக் குடுக்காமயா நடக்கும்? என் பிள்ளை பரீட்சைக்கு ஆடுற மேசையில படிச்சுச்சுக்கா. அதுக்கும் சேத்து அவளை நான் கேக்கணும்.

ரெண்டாவது வருசத்துல ஒரு நாள் நேருக்கு நேரா மாட்டுனா. நானும் அவளும் ஒரே நேரத்துல ரூமுல. பிள்ளைக ரெண்டும் உள்ளதான் இருந்துச்சுக. எவ எங்க படுக்கிறதுங்கிற சண்டை போயி, எது கிழக்குங்கிற சண்டை வந்துருச்சு. ஜன்னலடியில நான் தலகாணி போட்டிருக்கிற பக்கம் கிழக்கே இல்லையாம், மேற்காம்! போன்ல திசை பாக்குறது வந்திருக்குல்ல, அதைத் தொறந்து கட்டில்மேல வச்சுக் காட்டுறா. நானும் என் போனை எடுத்து இன்னொரு கட்டில்மேல வச்சேன். அவ போனு ஒரு பக்கம் காட்டுது, என் போனு ஒரு பக்கம் காட்டுது. "உன் போனு மட்டமான போனு"ங்கிறா. "உன் புத்தி மட்டமான புத்தி"ன்னேன்.

அப்ப சுபாஷினி சொல்றா, மெதுவா, டீச்சர் மாதிரி. "அம்மா, இரும்புக் கட்டில்மேல வச்சா முள்ளு இரும்பைப் பாத்துத்தான் திரும்பும். ரெண்டு பேரு காட்டுறதும் தப்பு. நாங்க வெளிய தரையில வச்சுப் பாத்துட்டோம். இந்தக் கட்டடமே கோணலாத்தான் கட்டியிருக்கு. கட்டிலை எப்படிப் போட்டாலும் யாரு தலையும் நேரா எந்தத் திசையையும் பாக்காது"ன்னா. நர்மதா பக்குனு சிரிச்சுட்டா. இவளும் சிரிக்கிறா. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச் சிரிக்குதுக.

எனக்கு ஆத்திரம் தாங்கல. அவ முன்னாடி, அந்த வனஜா முன்னாடி, என் போனு தப்புங்கிறா! பெத்த தாயை விட்டுக் குடுக்கிறா! வனஜா மூஞ்சியும் சுருங்கித்தான் போச்சு, இல்லைங்கல. அது ஒண்ணுதான் அன்னைக்கு ஆறுதல்.

என்னாச்சு, உங்க பொண்ணு எந்திரிச்சு டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் போறா? காத்து வரலையா? சரி சரி. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்காது.

அதுக்கப்புறம் சுபாஷினி "அடிக்கடி வராதம்மா, பஸ்ஸுல அலையாத"ன்னு சொல்ல ஆரம்பிச்சா. என் மேல அக்கறை. நான் சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் போயி நின்னேன். மறுநாள் அவளுக்குப் பரீட்சை, பொரிவிளங்கா உருண்டை செஞ்சு எடுத்துட்டுப் போனேன். கதவைத் தொறந்து பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்கல. ரூமே வேற ரூமு மாதிரி இருக்கு.

ரெண்டு மேசையையும் ஒட்டிப் போட்டு ஜன்னலடியில வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து படிக்கிறாங்க. பீரோ கதவுப் பக்கம் போயிருச்சு, மறைப்பு மாதிரி. ரெண்டு கட்டிலையும் ரூமுக்கு நடுவுல, ஃபேனுக்கு நேரா, ஒண்ணோட ஒண்ணு சேத்துப் போட்டு, மேல ஒரே விரிப்பு. அந்தப் பூப்போட்ட விரிப்பு! பாக்குறதுக்கு நல்லா விசாலமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா தலை எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்னு ஒரு கணக்கு வேண்டாமா? ஜன்னல்ல பாதி அவளுக்குப் போச்சுல்ல? முழுசா இருந்ததைப் பாதியாக்கிட்டாங்க.

"யாரு வேலை இது?"ன்னேன்.

அந்த நர்மதா எந்திரிச்சு நின்னு, "ஆன்ட்டி, சுபா தூக்கத்துல கத்தி எந்திரிச்சுக்கிட்டே இருந்தா. மறுநாள் க்ளாஸுல ஒக்காரவே முடியாது அவளால. கட்டிலைச் சேத்துப் போட்டதுலருந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லாத் தூங்குறா"ங்கிறா.

கையைப் பிடிச்சுக்கிட்டு.

எனக்குச் சொல்றாக்கா! என் பிள்ளை எப்படித் தூங்கும்னு எனக்கு, எனக்கு வந்து பாடம் எடுக்குறா! இந்த வளையலைக் கேட்டா சொல்லும் என் பிள்ளை தூக்கத்தைப் பத்தி. எந்த ஊர்லருந்தோ வந்தவ, நேத்து வந்தவ, அவ கை. நான் சுபாஷினியைப் பாத்தேன். அவ தரையைப் பாக்குறா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுவேனா நான்? அழுதா அது அப்படியே தேனிக்குப் போயிராதா?

கட்டிலைப் பிரிச்சேன். அந்த விரிப்பை உருவி அந்தப் பக்கம் போட்டேன். என் பிள்ளை கட்டிலை ஜன்னலடிக்குத் தள்ளிட்டு, மேசைகளைப் பிரிச்சு அவ அவ பக்கம் வச்சேன். சுபாஷினி "நாளைக்குப் பரீட்சைம்மா, இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா"ன்னு அழுதா. அவங்க பக்கம் பேசுறதுக்கு எப்படிப் பழக்கி வச்சிருக்காங்க பாருங்க! "பரீட்சைக்காகத்தாண்டி செய்யுறேன், கிழக்க தலை வச்சுத் தூங்கிட்டுப் போயி எழுது"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

அந்தப் பரீட்சையில அரியர் வச்சுட்டா. வாழ்க்கையிலயே மொதத் தடவை. தூக்கமே இல்லாமப் போயி எழுதினாளாம், தலை சுத்துச்சாம். பாத்தீங்களா? ஒரு செமஸ்டர் முழுக்கக் கண்ட திசையில தலை வச்சுப் படுத்தா வேற என்ன ஆகும்? அதுக்கெல்லாம் காரணம் அந்த வனஜாதான். அவ மக பாஸாம்.

அன்னைக்கு நான் முடிவு பண்ணிட்டேன். இந்தத் தள்ளுற வேலை, இழுக்குற வேலை எல்லாம் இனி ஆகாது. ஒரேடியா முடிக்கணும். எங்க ஊரு சைக்கிள் கடையில நல்ல கனமான சங்கிலி ஒண்ணு, ஒரு பெரிய பூட்டு வாங்கினேன். போனேன். என் பிள்ளை கட்டிலை ஜன்னலோட ஒட்டிப் போட்டு, கட்டில் காலையும் ஜன்னல் கம்பியையும் சேத்துச் சங்கிலியால சுத்தி, பூட்டைப் போட்டுச் சாவியை என் இடுப்புல சொருகிக்கிட்டேன். இனி எந்த வனஜா வந்தாலும் அசைக்க முடியாது. அரை மணி நேர வேலை. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம், பேறுகாலம் முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி.

சாயங்காலம் பிள்ளை போன் பண்றா. "சாவியைக் குடுத்து விடும்மா." முடியாதுன்னேன். "அம்மா, எல்லாப் பிள்ளைகளும் வந்து வந்து பாத்துட்டுப் போகுதுகம்மா, அசிங்கமா இருக்கும்மா." பாக்கட்டும்டி, தேனி வரைக்கும் போயிச் சொல்லட்டும்னேன். அப்புறம் "அம்மா, எனக்குத் தூக்கம் வரலம்மா"ன்னா. கண்ணை மூடிப் படு, தானா வரும்னு சொல்லி வச்சுட்டேன்.

வனஜாவுக்குச் செய்தி போயிருக்கு. அவ ஒரு ஆளையே கூட்டிட்டு வந்துட்டா. நர்மதா கட்டிலை எவளும் இழுக்க முடியாதபடிக்கு அதுக்கு அந்தாண்ட பீரோவை நிறுத்தி, செவுத்துல ஓட்டை போட்டு போல்ட்டு வச்சு முடுக்கிட்டாளாம்! அந்தப் பிள்ளை கட்டில்லருந்து எறங்கணும்னா கால்மாட்டு வழியாத்தான் எறங்கணும். கிறுக்கச்சி. பெத்த பிள்ளையை எவளாவது அப்படிப் பொட்டிக்குள்ள வைப்பாளா? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா ஒரு தாய்க்கு?

வார்டன் என்னைக் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா வேணும்?"னு கேட்டாங்க. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம், கிழக்கு வேணும்"னேன்.

அதுக்கடுத்த சனிக்கிழமை போறேன், ரூம் தொறந்து கெடக்கு. உள்ள ஆளே இல்ல. புஸ்தகம் இல்ல, துணி இல்ல, மெத்தை இல்ல. வாளி கூட இல்ல. பீரோ செவுத்துல அப்படியே நிக்குது. என் பிள்ளை கட்டிலும் ஜன்னலடியில, நான் கட்டினது கட்டினபடி கெடக்கு. நான் போயி பூட்டை இழுத்துப் பாத்தேன். அசையல. ஒரு பயலால அதைத் தொட முடியல! அப்படிக் கட்டியிருக்கேன். எவ வந்தாலும் என் சங்கிலியை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?

பிள்ளைதான் இல்ல.

ரெண்டு பேரும் வார்டன்கிட்ட அழுது எழுதிக் குடுத்து வேற ரூமுக்குப் போயிட்டாங்களாம். பின்னாடி புது பில்டிங் கட்டியிருக்காங்க, அங்க. எந்த மாடி, எந்த ரூம்னு சொல்ல மாட்டாங்களாம். இனிமே அம்மாமார் யாரும் மாடிக்குப் போகக் கூடாதாம். கேட்டுக்கு வெளிய ஒரு சிமெண்ட்டுப் பெஞ்சு போட்டிருக்கு. அதுல உக்காந்து சொல்லி விடணும். பிள்ளைக்கு இஷ்டமிருந்தா எறங்கி வந்து பாக்கும்.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? வருவாதான். பரீட்சை இருக்கும், ரெக்கார்டு இருக்கும். இன்னைக்கு நேரமில்லைன்னு சொல்லி விடுவா. போன வாரமும் அப்படித்தான். அதுக்கு முன்னாலயும் அப்படித்தான். போன்ல பேசுறால்ல. சாப்பிட்டேன்ம்பா, நல்லாருக்கேன்ம்பா. அரியரை எழுதிப் பாஸ் பண்ணிட்டா, எல்லாத்துலயும் நல்ல மார்க்கு. ஜன்னல் எந்தப் பக்கம்டின்னு கேட்டா மட்டும் கட் பண்ணிருவா. போன வாரம் நானா கேக்கல, அவளா சொன்னா. "அம்மா, நான் இப்ப நல்லாத் தூங்குறேம்மா"ன்னு.

நல்லாத் தூங்குறாளாம். எனக்குத்தான் வளையல் ஒரு மாதிரி லேசாக் கெடக்கு கையில. தூக்கம் பிடிக்க மாட்டேங்குது.

இருங்க, முக்கியமானதைச் சொல்லல உங்களுக்கு. மொதத் தடவை நான் அந்தப் பெஞ்சுல போயி உக்காந்தேன் பாருங்க, அன்னைக்கு நடந்தது. ரூம் மாத்துனது வனஜா வேலைதான், நல்ல எடமாப் பிடிச்சுத் தன் மகளை உக்கார வச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு ஆட்டோ வந்து நிக்குது. வனஜா எறங்குறா, கையில புதுத் தலகாணி. நேரா கேட்டுக்குப் போனா. வாட்ச்மேன் போன் போட்டான். பேசினான். தலையை ஆட்டினான். "வரலையாம்மா"ன்னான். "ரூம் நம்பராவது சொல்லுப்பா"ன்னு கெஞ்சுறா அவன்கிட்ட. அவளுக்கும் தெரியலக்கா! அவ மகளும் வரல! எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. வா, வந்து உக்காருடி, உனக்கும் அந்தப் பெஞ்சுதான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அவளும் வந்து அந்த ஓரத்துல உக்காந்தா. தலகாணியை மடியில வச்சுக்கிட்டு அழுதா. நான் நல்லாப் பாத்தேன், திரும்பி உக்காந்து பாத்தேன். நானும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன், தூசி, அந்த ரோட்டுல லாரி போகும்.

அதனாலதான் சனிக்கிழமை சனிக்கிழமை விடாமப் போறேன். என்னைக்காவது அவ மக எறங்கி வந்து, எனக்கு முன்னால அவளுக்கு ரூம் தெரிஞ்சுருச்சுன்னா? முந்திக்கிருவாள்ல? சங்கிலிச் சாவி இன்னும் என் இடுப்புலதான் இருக்கு. ரூம் மட்டும் தெரியட்டும்.

அவளும் விடாம வாரா. பெஞ்சுக்கு மேல ஒரு புங்கமரம், அதுல பாதிக்குத்தான் நெழல். நெழல் பக்கம் யாரு உக்காருறதுங்கிறது இப்ப. நான் முந்திப் போனா நான், அவ முந்தி வந்தா அவ. இது வரைக்கும் நான்தான் அதிகம். பேச்செல்லாம் கெடையாது. ஒரு நாள் வெயில்ல எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்போ தண்ணி பாட்டிலை நீட்டுனா. வாங்கிக் குடிச்சேன். தாகத்துக்குக் குடிச்சதுதான். நன்றி கின்றி ஒண்ணும் சொல்லல நான்.

ஏய், காலேஜ் வந்துருச்சே! தம்பி, கண்டக்டர் தம்பி, காலேஜ் ஸ்டாப்பு, நிறுத்துங்க! அக்கா, அந்தப் பையை எடுத்துக் குடுங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், உங்க காலேஜுக்குப் போனதும் கட்டிலைப் பிடிங்க. ஐயோ, அதோ பாருங்க. இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம், மரத்தடியில, பச்சைச் சேலை. வந்து உக்காந்துட்டா! முந்திட்டா பாவி! நெழல் பக்கத்துல பாருங்க, நல்லா நடுவுலயா உக்காந்திருக்கா? இல்ல, ஓரத்துல நகந்து வெயில்லதான் உக்காந்திருக்கா. பக்கத்துல நெழல்ல என்னமோ வச்சிருக்காளே. பை. பையைப் போட்டு வச்சிருக்கா.

என்னது? எனக்கு எடம் போட்டு வச்சிருக்காளா?

போங்கக்கா. உங்களுக்கு அவளைத் தெரியாது. நான் உக்காந்துறக் கூடாதுன்னு போட்டிருக்கா.